அடம் எப்படிப் பழக்கமாகிறது: பெற்றோருக்கு ‘வலுவூட்டல்’ பற்றி ஓர் எளிய விளக்கம்

மூன்று வயதுக் குழந்தை கடைவாசலில் உருண்டு அழுதால், சுற்றி நிற்பவர்களிடமிருந்து மூன்று விதமான யோசனை வரும். “செல்லம் கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க” என்பார் ஒருவர். “முதுகுல ரெண்டு வெச்சா சரியாயிடும்” என்பார் இன்னொருவர். “கண்டுக்காம விடுங்க, தானா நிறுத்திடும்” என்பது மூன்றாமவர் கட்சி. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கருத்து. மூவருமே அதை அரைகுறையாகப் பிடித்திருக்கிறார்கள். உளவியலில் அதற்கு வலுவூட்டல் என்று பெயர். இரண்டிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு இதைவிடப் பயன்படும் கருத்து உளவியலில் வேறில்லை என்றே சொல்லலாம். அடம், அடி, பாராட்டு, பரிசு, எழுதப் படிக்க உட்காரவைப்பது எல்லாமே இதற்குள் வந்துவிடும்.

## எல்லா அழுகையும் அடம் இல்லை

ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரை கத்துவதும் புரள்வதும் கையில் கிடைத்ததை எறிவதும் வளர்ச்சியோடு வருபவை. அந்த வயதில் ஆசை முழுசாக இருக்கும். அதைச் சொல்லப் பேச்சு போதாது, அடக்கிக்கொள்ளும் திறனும் இன்னும் வந்திருக்காது. இப்படிப்பட்ட அழுகையில் பெரும்பகுதி வந்த வேகத்திலேயே போய்விடும். அமெரிக்காவில் மைக்கேல் பொட்டேகல், ரிச்சர்ட் டேவிட்சன் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், சிறுபிள்ளைகளின் இத்தகைய ஆர்ப்பாட்டங்களில் முக்கால்வாசி ஐந்து நிமிடத்துக்குள் முடிந்திருந்தன. பக்கத்தில் நிற்கும் பெற்றோருக்குத்தான் அது அரைமணி நேரமாகத் தெரிகிறது.

எனவே தாங்க முடியாமல் வரும் அழுகையையும் பழகி வரும் அடத்தையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். கேட்டது கைக்கு வந்ததும் அழுகை சட்டென நிற்கிறதா? அது பெரும்பாலும் பழகியது. கொடுத்த பிறகும் “இந்தத் தட்டு வேண்டாம், அந்தத் தட்டு வேணும்” என்று அடுத்தடுத்து வேறு காரணத்துக்கு அழுகிறதா? அப்படியானால் தூக்கம், பசி, காய்ச்சல், கூட்டம் இவற்றில் ஏதோ ஒன்று அதைப் பிடித்து ஆட்டுகிறது. அங்கே வலுவூட்டல் பேச்சுக்கே இடமில்லை. தூக்கிவைத்துக்கொள்வதும் சாப்பிடவைப்பதும் தூங்கவைப்பதும்தான் மருந்து.

நம் வீடுகளில் அதிகம் தவறவிடுவது தூக்கத்தைத்தான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குப் பகல்தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். அப்பா வேலை முடிந்து வரும்வரை விழித்திருந்து இரவு பத்தரைக்குத் தூங்கும் குழந்தையைக் காலை ஆறரைக்குப் பள்ளி வேனுக்காக எழுப்பினால் கிடைப்பது எட்டு மணி நேரம். சாயங்காலம் ஐந்து மணிக்கு வரும் அடத்துக்கு அந்தக் குறைத்தூக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். வேறு எந்த முறையையும் தொடங்கும் முன் ஒரு வாரம் படுக்கும் நேரத்தை முன்னால் கொண்டுவந்து பாருங்கள்.

## வலுவூட்டல் என்றால் என்ன

ஒரு செயலைச் செய்தவுடனே கிடைக்கும் விளைவு, அந்தச் செயல் மறுபடி நடக்கும் வாய்ப்பைக் கூட்டினால் அந்த விளைவுக்கு வலுவூட்டல் என்று பெயர். 1898இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் பூனைகளைக் கூண்டில் அடைத்துப் பார்த்தார். வெளியே மீன். உள்ளே தொங்கும் கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும். முதலில் கண்டபடி பிறாண்டிய பூனை தற்செயலாகக் கயிற்றை இழுத்தது. அடுத்தடுத்த முறைகளில் நேரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் அடைத்தவுடன் கயிற்றுக்கே போனது. யாரும் அதற்குப் பாடம் நடத்தவில்லை. பலன் தந்த செயல் நின்றது, தராதவை உதிர்ந்தன. பின்னர் இன்னொரு அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1930களிலிருந்து இதை விரிவாக ஆராய்ந்தார்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ‘உடனே’ என்பது. சின்னக் குழந்தையின் கணக்கு நொடிகளில் நடக்கிறது. காலையில் சமர்த்தாகச் சாப்பிட்டதற்குச் சாயங்காலம் பூங்காவுக்குக் கூட்டிப்போனால் குழந்தைக்குப் பூங்கா பிடிக்கும். சாப்பிடும் பழக்கம் அதனால் வலுப்பெறாது.

இரண்டாவது, எது பலன் என்பதைப் பெற்றோர் தீர்மானிப்பதில்லை. குழந்தையின் அடுத்த நடத்தைதான் சொல்லும். அம்மா போனில் பேசும்போதெல்லாம் குழந்தை தம்பியைக் கிள்ளுகிறது. அம்மா போனை வைத்துவிட்டு இரண்டு நிமிடம் திட்டுகிறார். அம்மாவைப் பொறுத்தவரை அது தண்டனை. ஆனால் கிள்ளுவது வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனால், அந்தத் திட்டுதான் குழந்தைக்குக் கிடைக்கும் பலன். போனிலிருந்த அம்மாவின் கண் முழுசாகத் தன்மேல் திரும்பியது அல்லவா? பெரியவர்களின் கவனத்தைவிடப் பெரிய பரிசு அந்த வயதில் கிடையாது. அது கோபமாக வந்தாலும் சரிதான்.

இதுவரை சொன்னது: செயலைத் தொடர்ந்து நொடிகளுக்குள் வருவதுதான் அந்தச் செயலை வளர்க்கிறது. நாம் என்ன நினைத்துச் செய்தோம் என்பது அந்தக் கணக்கில் வராது.

## பெற்றோரும் பழக்கப்படுகிறார்கள்

பில் போடும் இடத்தில் வரிசை. குழந்தையின் கண் உயரத்தில் சாக்லேட் தட்டு. “வேணும்.” “வேண்டாம்மா, நேத்துதானே வாங்கினோம்.” அழுகை. “வேண்டாம்னு சொன்னேன்ல.” அலறல். பின்னால் நிற்பவர்கள் பார்க்கிறார்கள். “சரி, இந்தா, இதுதான் கடைசி.” அமைதி.

குழந்தைக்குச் சாக்லேட் கிடைத்தது. அலறல் வலுவானது. விரும்பியது வந்து சேர்வதால் செயல் வளர்வதை நேர் வலுவூட்டல் என்பார்கள். அதே நொடியில் பெற்றோருக்கும் ஒன்று கிடைத்தது: சத்தம் நின்றது, அவமானம் தீர்ந்தது. தொல்லை விலகுவதால் ஒரு செயல் வளர்வதை எதிர் வலுவூட்டல் என்பார்கள். (இதைத் தண்டனை என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. தண்டனை செயலைக் குறைக்கும். எதிர் வலுவூட்டல் செயலைக் கூட்டும்.) அடுத்த முறை குழந்தை சீக்கிரமாக அலறும், பெற்றோர் சீக்கிரமாகக் கொடுப்பார்கள். இருவருமே ஒருவரையொருவர் பழக்கிவிட்டார்கள், யாருக்கும் தெரியாமலே.

அமெரிக்காவின் ஓரிகனில் குடும்பங்களை வீட்டுக்கே போய் நிமிடம் நிமிடமாகக் கவனித்த உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன், இப்படி இரு பக்கமும் இறுகும் முடிச்சைத்தான் பிடிவாதமும் மூர்க்கமும் வளரும் வழியாகக் காட்டினார். செல்லம் கொடுத்ததால் கெட்டது என்ற குற்றச்சாட்டு ஏன் உதவாது என்பது இங்கே புரியும். கொஞ்சுவதும் தூக்கிவைத்துக்கொள்வதும் கதை சொல்வதும் எந்தக் குழந்தையையும் கெடுத்ததில்லை. எந்த நொடியில் எதைத் தொடர்ந்து கொடுத்தோம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

அடிப்பதும் இதே கணக்கில்தான் வீடுகளில் நிலைத்திருக்கிறது. ஒரு அடி விழுந்ததும் குழந்தை திகைத்து நிறுத்துகிறது. அடித்த கைக்கு உடனடிப் பலன். அதனால் அடி பழக்கமாகிறது. குழந்தையிடமோ, அடிப்பவர் இல்லாத இடத்தில் அந்தச் செயல் திரும்ப வருகிறது. கோபம் வந்தால் கை நீளும் என்ற பாடமும் கூடவே ஏறுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், எந்த வடிவத்திலும் உடல் தண்டனை வேண்டாம் என்று பெற்றோரிடம் நேராகவே சொல்லியிருக்கிறது. இந்தியாவில் பள்ளிகளில் இது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவால் தடைசெய்யப்பட்டது.

## ‘ஒரு நாள் விட்டால் என்ன’

இங்கேதான் நல்ல பெற்றோர்களும் சறுக்குகிறார்கள்.

இரண்டு ஸ்கூட்டர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று புதுசு, ஒரே உதையில் கிளம்பிவிடும். மற்றது பழசு; சில நாள் மூன்றாவது உதையில் கிளம்பும், சில நாள் பதினைந்தாவதில். இப்போது இரண்டிலும் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. புது வண்டிக்காரர் நாலைந்து உதை உதைத்துவிட்டு, ஏதோ கோளாறு என்று இறங்கிவிடுவார். பழைய வண்டிக்காரர் இறங்க மாட்டார். வியர்க்க வியர்க்க உதைத்துக்கொண்டே இருப்பார். பதினைந்தாவதில் கிளம்பிய நாள் அவருக்கு நினைவிருக்கிறது.

பத்து முறை மறுத்துப் பதினோராவது முறை கொடுக்கும் வீட்டில் குழந்தை பழைய வண்டிக்காரரின் நிலையில் இருக்கிறது. எப்போதும் கிடைக்காமல் எப்போதாவது மட்டும் கிடைக்கும் பலனை விட்டுவிட்டு வரும் வலுவூட்டல் என்பார்கள். எப்போதும் கிடைப்பதை விட இதுதான் பழக்கத்தை ஆழமாக ஊன்றும். “எப்பவாவதுதானே கொடுக்கிறோம்” என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்வது உண்மையில் அடத்துக்கு மிகச் சிறந்த உரம்.

கூட்டுக்குடும்பத்தில் இது இன்னும் சிக்கலாகும். அம்மா மறுப்பார், தாத்தா மறைவில் கொடுப்பார். தாத்தாவிடம் “கொடுக்காதீங்க” என்று சொன்னால் மனவருத்தம்தான் மிஞ்சும். “மாமா, தின்பண்டம் கொடுக்கிற வேலை இனிமே உங்களோடது. சாயங்காலம் நாலு மணிக்கு நீங்களே கூப்பிட்டுக் கொடுங்க. அழுதுட்டு இருக்கும்போது மட்டும் வேணாம்” என்று பொறுப்பை அவரிடமே கொடுத்தால் பேரன் பேத்திக்குக் கொடுக்கும் சந்தோஷமும் அவருக்கு இருக்கும், அழுகைக்குப் பலனும் கிடைக்காது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி ஒன்று: கொடுப்பதானால் முதல் தடவை கேட்கும்போதே கொடுத்துவிடுங்கள், மறுப்பதானால் கடைசிவரை மறுங்கள். குழந்தை கேட்டதும் ஒரு மூச்சு நிதானித்து, “இதற்காக அரைமணி நேர அழுகையைத் தாங்குவேனா?” என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தாங்க மாட்டேன் என்றால் சிரித்த முகத்தோடு “சரி” சொல்லிவிடுங்கள். அது தோல்வி ஆகாது. நயமாகக் கேட்டதற்குப் பலன் கிடைத்திருக்கிறது. இப்படிச் சலித்தெடுத்தால் ஒரு நாளைக்குச் சொல்லும் ‘வேண்டாம்’ கால்வாசியாகக்கூடக் குறையலாம். மிஞ்சுபவை நிஜமான ‘வேண்டாம்’களாக இருக்கும்.

## ‘கண்டுக்காம விடுங்க’: எப்போது, எப்படி

பலன் வருவது நின்றால் செயல் மெல்ல ஓயும். இதை மறைதல் என்பார்கள். ஆனால் ஓயும் முன் அது பல நேரம் ஒரு முறை கூடும். பெட்ரோல் தீர்ந்த வண்டியை யாரும் ஒரு உதையோடு விடுவதில்லை. முன்னைவிட வேகமாகத்தான் உதைப்பார்கள். அதேபோல் முதல் சில நாட்கள் அழுகை நீளலாம், சத்தம் ஏறலாம், இதுவரை செய்யாததை எல்லாம் குழந்தை செய்யலாம்: எச்சில் துப்புவது, தலையைத் தரையில் முட்டப் பார்ப்பது. “இந்த முறை எங்க பிள்ளைக்கு ஒத்து வரல, இன்னும் மோசமாயிடுச்சு” என்று பெற்றோர் கைவிடுவது சரியாக இந்த இடத்தில்தான். இங்கே கொடுத்துவிட்டால் நாம் கற்றுக்கொடுப்பது, இவ்வளவு தூரம் போனால்தான் கிடைக்கும் என்பதை. அதனால் விருந்தாளி வரும் வாரத்திலும் கல்யாண வீட்டிலும் பேருந்துப் பயணத்திலும் இதைத் தொடங்காதீர்கள். பாதியில் விடுவதைவிடத் தொடங்காமல் இருப்பது மேல்.

செய்யும் முறை இது. ஒரே ஒரு நடத்தையைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, கைப்பேசிக்காக அலறுவது. வீட்டில் எல்லாரும் அதில் ஒத்துப்போக வேண்டும். அமைதியான நேரத்தில் குழந்தையிடம் இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள்: “அழுதா போன் கிடைக்காது. சாப்பிட்ட அப்புறம் பத்து நிமிஷம் தருவேன்.” அலறல் தொடங்கியதும் ஒரே முறை “அழுகை நின்னதும் பேசலாம்” என்று சொல்லிவிட்டு, முகத்தில் கோபம் காட்டாமல் அதே அறையிலேயே துணி மடிப்பது, கீரை ஆய்வது போல ஏதாவது வேலையில் இருங்கள். விளக்கம், கெஞ்சல், பூதம் வரும் என்ற மிரட்டல் எதுவும் வேண்டாம், எல்லாமே கவனம்தான். சத்தம் அடங்கிச் சில நொடிகள் ஆனதும் உடனே திரும்புங்கள்: “இப்ப அமைதியாயிட்டே. வா, தண்ணி குடிக்கலாம்.” இந்தத் திரும்புதல்தான் முறையின் பாதி. அதை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தால், அது குழந்தையையே ஒதுக்குவதாகிவிடும். ஒதுக்க வேண்டியது அலறலை மட்டுமே.

அடிப்பது, கடிப்பது, சாலைக்கு ஓடுவது, கேஸ் அடுப்பைத் திருகுவது இவற்றைக் கண்டுகொள்ளாமல் விடவே கூடாது. கையை மெதுவாகப் பிடித்து நிறுத்தி, “கடிக்கக் கூடாது, வலிக்கும்” என்று சுருக்கமாகச் சொல்லி, இடத்தைவிட்டு நகர்த்துங்கள். பயந்து அழுவதும் வலித்து அழுவதும் இந்தக் கணக்கில் சேராது. இரவில் “அம்மா” என்று அலறினால் போய்த்தான் ஆக வேண்டும்.

இதுவரை: பலன் நின்றால் அடம் ஓயும், ஓயும் முன் ஏறலாம், ஏறும்போது கொடுத்தால் முன்னைவிட வேரூன்றும்.

## காலியான இடத்தை நிரப்புவது

அடத்தின் பலனை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அதே பலன் நல்ல வழியில் கிடைக்க வேண்டும். அமைதியாக விளையாடும் குழந்தையை நாம் எல்லாரும் “அப்பாடா” என்று விட்டுவிடுகிறோம். அழும்போது மட்டும் ஓடுகிறோம். இதைத் தலைகீழாக்க வேண்டும்.

பாராட்டு உடனே வரட்டும், எதற்கு என்று அதில் தெரியட்டும். “குட் பாய்” என்றால் எதைச் சொல்கிறோம் என்று குழந்தைக்குப் புரியாது. “பிளாக்ஸ் எல்லாத்தையும் நீயே கூடையில போட்டுட்டியே!” என்றால் புரியும். “நீ ரொம்ப புத்திசாலி” என்பதையும் குறைத்துக்கொள்ளலாம். கிளாடியா ம்யூலரும் கேரல் ட்வெக்கும் 1998இல் பத்து, பதினோரு வயதை ஒட்டிய பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் தோல்விக்குப் பின் சீக்கிரம் சோர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கடினமானதையும் தொட்டுப் பார்த்தார்கள்.

பரிசுக்கும் லஞ்சத்துக்கும் வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. கடைக்குப் போகும் முன்னரே “கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தா வெளியில வந்ததும் ஒரு பலூன்” என்று பேசிக்கொண்டால் அது பரிசு. உள்ளே அழுதபின் “நிறுத்து, பலூன் வாங்கித் தரேன்” என்றால் அழுகைக்கு விலை வைத்துவிட்டோம். அதைவிட எளிய வழி, பிடித்த வேலையைப் பிடிக்காத வேலைக்குப் பின்னால் வைப்பது: “முதல்ல பல் தேய்க்கலாம், அப்புறம் கதை.” டேவிட் ப்ரிமாக் 1959இல் விளக்கிய இந்த ஒழுங்குக்குக் காசும் வேண்டாம், இனிப்பும் வேண்டாம்.

நட்சத்திரம் ஒட்டும் அட்டை வைப்பவர்கள் ஒரு நேரத்தில் ஒரே பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அடிக்கக் கூடாது’ என்று எழுதாமல் ‘செருப்பைத் தட்டில் வைப்பது’ போலச் செய்யக்கூடியதாக இருக்கட்டும். முதல் நாளே ஒன்று கிடைத்துவிடும்படி எளிதாக வையுங்கள். ஒட்டியதைக் கோபத்தில் பிய்க்காதீர்கள். பழக்கம் நிலைத்ததும் அட்டையை நிறுத்திப் பாராட்டை மட்டும் தொடருங்கள். ஏற்கெனவே ஆசையாகச் செய்வதற்குப் பரிசு அறிவிக்கவும் வேண்டாம். மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஆர்வமாக இருந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சில நாட்கள் கழித்து அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது.

## நோட்டைக் கண்டதும் ஓடும் குழந்தை

எல்கேஜி வீட்டுப்பாடம். ஒரு பக்கம் முழுக்க ‘அ’. நாலாவது வரியில் கை வலிக்கிறது, குழந்தை அழுகிறது, அம்மா அலுத்துப்போய் நோட்டை மூடுகிறார். அழுதால் நோட்டு மூடும்: அதே எதிர் வலுவூட்டல், இம்முறை குழந்தையின் பக்கம். மறுநாள் இரண்டாவது வரியிலேயே அழுகை வரும்.

தீர்வு, அழுகைக்கு முன்னாலேயே நிறுத்துவது. நாலாவது வரியில் அழும் பிள்ளைக்கு மூன்று வரி போதும். “மூணு வரி எழுதிட்டே, முடிஞ்சுது!” என்று நீங்களே மூடுங்கள். அப்போது நோட்டு மூடும் பலன் எழுதியதற்குப் போய்ச் சேரும். சில நாள் கழித்து ஒரு வரி கூட்டலாம். நான்கு வயதுக்கு ஒரே இருப்பில் ஐந்து முதல் பத்து நிமிடம் தாராளம். ‘அ’ பல வளைவுகள் கொண்டது. சின்ன விரலுக்குக் கடினம். ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளை முதலில் மணலிலும் சிலேட்டிலும் பெரிதாக எழுதவைத்து, பிறகு நோட்டுக்கு வாருங்கள். மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது, துணிக்கு கிளிப் போடுவது எல்லாம் பென்சில் பிடிக்கும் விரல்களுக்கு நல்ல பயிற்சி. பள்ளியில் முழுப் பக்கம் கேட்டால், ஆசிரியரிடம் நேரில் பேசிக் குறைத்துக் கேளுங்கள். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொடுக்காதீர்கள்.

## எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தும் அளவுக்குப் போவது, அழுகையில் மூச்சு நின்று நீலம் பூப்பது, பெரும்பாலான நாட்களில் அரைமணி நேரத்தைத் தாண்டுவது, ஐந்து வயதுக்குப் பிறகும் குறையாமல் தொடர்வது, இவற்றில் ஏதாவது இருந்தால் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வயதாகியும் “அம்மா வா” போல இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ காத்திருக்கவே வேண்டாம். காது கேட்பதிலும் பேச்சிலும் உள்ள சிக்கல் பல நேரம் அடமாகத்தான் வெளியில் தெரியும். தமிழ்நாட்டில் பல மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கே பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.

போகும் முன் ஒரு வாரம் ஒரு நோட்டில் ஒவ்வொரு தடவைக்கும் மூன்று வரி எழுதிவையுங்கள்: முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அடுத்த ஒரு நிமிடத்தில் நாம் என்ன செய்தோம். நேரத்தையும் குறியுங்கள். “எப்ப பார்த்தாலும் அழுவுறான் டாக்டர்” என்பதைவிட, “சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள், பெரும்பாலும் டிவியை நிறுத்தும்போது” என்பது மருத்துவருக்குப் பத்து மடங்கு உதவும். எழுதத் தொடங்கிய மூன்றாம் நாளே பலருக்கு அந்த மூன்றாவது வரியில் விடை தெரிந்துவிடுகிறது.